செருப்பு மட்டும் விழுகிற கதை

கேள்வி:

எனக்கு வயது 41. சமீபத்தில் வீடு மாறினோம். அட்டைப்பெட்டி ஒன்றின் அடியில், சின்ன வயதில் நான் திரும்பத் திரும்பப் படித்த சிறுவர் கதைத் தொகுப்பு கிடைத்தது. எல்லாம் குட்டிக் குட்டிக் கதைகள். ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு குழந்தைக்கு ஏதாவது விபரீதம் நடக்கும். நகம் கடிக்கிற பையன் விரல், கை, தோள் என்று தன்னையே தின்றுகொண்டு போவான். கடைசியில் வாய் மட்டும் மிஞ்சும். அவன் அம்மா வந்து, “முதலில் வாயை மூடு” என்பாள். இன்னொரு கதையில், ஊஞ்சலை யாருக்கும் விட்டுக்கொடுக்காத சிறுமி உந்தி உந்தி மேலே போனவள் திரும்பி வரவே மாட்டாள். அவளுடைய ஒவ்வொரு பிறந்த நாளன்றும் வானத்திலிருந்து ‘தொப்’பென்று ஒரு செருப்பு மட்டும் விழும், போன வருடத்தைவிட ஒரு அளவு பெரிதாக. அப்போது எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. அவன் படித்துக் காட்டுவான். அந்தத் ‘தொப்’ வந்ததும் இரண்டு பேரும் கட்டிலில் குதித்துச் சிரிப்போம்.

இப்போது மறுபடி படித்தேன். நகம் கடிக்கிறவன் கதைக்கு இன்னமும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் ‘இதற்கா சிரிக்கிறாய்’ என்று என் மேலேயே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஊஞ்சல் கதையை முடிக்கவே முடியவில்லை. ‘அம்மா ஒவ்வொரு செருப்பையும் துடைத்து வரிசையாக வைத்தாள்’ என்று அதில் ஒரு வரி வருகிறது. அது என் நினைவிலேயே இல்லை. உட்கார்ந்து அழுதுவிட்டேன். இன்னொன்றும் புரியவில்லை. என் நினைவில் அந்தச் சிறுமி கடைசியில் இறங்கி வந்துவிடுவாள். புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது. பக்கம் எதுவும் கிழிந்தும் போகவில்லை.

என் மகளுக்கு ஏழு வயது. கணவர் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறார். இதற்கெல்லாம் சிரித்த எனக்கு அப்போதே மனதில் ஏதாவது கோளாறா? இப்போது மட்டும் ஏன் தாங்க முடியவில்லை? மகளிடம் இதைக் கொடுக்கலாமா?

பதில்:

சின்னக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களுக்குக் கோளாறு ஒன்றும் கிடையாது. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. குழந்தைகள் மனநல ஆலோசகராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன், அந்த வாய் மட்டும் மிஞ்சிய பையனைப் பற்றிப் படித்தபோது நானும் சத்தமாகவே சிரித்தேன். “முதலில் வாயை மூடு” என்று எழுதியவர் யாரோ, அம்மாக்கள் பேசுவதை நிறையக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். (புத்தகத்தின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே எடுத்துவிட்டேன். இப்படி ஒன்று எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும், பெயர்தான் வேறு.)

ஒன்பது வயதில் எதற்குச் சிரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் அழிந்துபோனான் என்பதற்காகவா? அந்த வயதுப் பிள்ளைக்குத் தன்னைத் தானே தின்ன முடியாது என்பது நன்றாகவே தெரியும். நீங்களும் அண்ணனும் முழங்கையைக் கடிக்க முயன்று பார்த்திருப்பீர்கள் என்று பந்தயமே கட்டுவேன். எட்டாது. சிரிப்பு வந்தது கணக்கு இடிக்கிற இடத்தில். செய்த தப்பு நகம் கடித்தது, கிடைத்த தண்டனை ஆளே காலி. பெரியவர்கள் மிரட்டுகிற மிரட்டல் எல்லாம் இந்த மாதிரிதானே இருக்கும்? ‘சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்’ என்பதை அப்படியே நிஜமாக்கி, எவ்வளவு அபத்தம் பார் என்று கதை காட்டிவிடுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பழிக்குப் பழி வாங்கின மாதிரி.

இந்த வகைக் கதைகளில் மிகப் பிரபலமானது ஒன்று உண்டாகிய விதத்தைச் சொல்கிறேன். 1844 டிசம்பரில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் என்ற டாக்டர், மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் படப் புத்தகம் வாங்கக் கடைக்குப் போனார். கடையில் இருந்ததெல்லாம் நல்ல பிள்ளை பொய் சொல்லாது, நல்ல பிள்ளை சுத்தமாக இருக்கும் என்கிற ரகம். வெறுத்துப்போய், எழுதாத நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து தானே எழுதிப் படமும் வரைந்தார். சூப் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கொழுகொழு பையன் அதில் நாளுக்கு நாள் இளைத்து, நாலாம் நாள் நூலாகி, ஐந்தாம் நாள் செத்தே போகிறான். கல்லறை மேல் சூப் பாத்திரத்தை வைத்திருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் சேர்த்த ஒரு கதையில், தீக்குச்சியை வைத்து விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள், பக்கத்தில் இரண்டு பூனைகள் உட்கார்ந்து ஓடையாகக் கண்ணீர் விடுகின்றன. வேட்டைக்காரன் தூங்கும்போது அவன் துப்பாக்கியையும் கண்ணாடியையும் முயல் எடுத்துக்கொண்டு அவனையே துரத்துகிறது. நண்பர்கள் வற்புறுத்த, 1845-இல் புத்தகம் அச்சானது. முதல் பதிப்பில் மனுஷன் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து நாள் சூப் குடிக்காததால் எந்தக் கொழுகொழு பையனும் நூலாகிவிட மாட்டான் என்று ஒரு டாக்டருக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதினார். அவர் தொழில் நடத்தின விதம் எனக்குப் பிடித்த ஒன்று. உடம்பு சரியில்லாத குழந்தை டாக்டரைப் பார்த்ததுமே வீல் என்று கத்துமே, அப்போது ஒரு காகிதத்தை எடுத்து ஒரு பையனை வரைந்து, அவனுக்கு ஒன்றன் பின் ஒன்றாக என்ன ஆயிற்று என்று கதை சொல்லிக்கொண்டே போவாராம். குழந்தை படத்தில் லயித்து அழுகையை நிறுத்தியதும் தன் சோதனையை முடித்துக்கொள்வார். பிற்பாடு, 1851 முதல், அந்த ஊர் மனநல மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவராக இருந்தார். அந்த வகையில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். பயத்தில் கத்துகிற குழந்தையிடம் விபரீதக் கதையை எடுத்த முதல் ஆள் நான் இல்லை என்று எனக்கு ஒரு ஆறுதல்.

அதே புத்தகத்தைப் பிற்பாடு விரலை ஆட்டிக்கொண்டு படித்துக் காட்டியவர்களும் உண்டு. ‘பார்த்தாயா, நீயும் இப்படித்தான் ஆகப் போகிறாய்.’ அதே படம், அதே வரி. ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அது வேறு கதை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நல்லதா கெட்டதா என்று என்னால் சொல்ல முடியாது. பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் என்று இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் சிரிப்பைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஏதோ ஒன்று தப்பாக இருக்க வேண்டும், அதே நொடியில் ‘பரவாயில்லை, ஆபத்தில்லை’ என்றும் தோன்ற வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிரிப்பு. கிச்சுகிச்சு மூட்டுவதை நினைத்துப் பாருங்கள். அப்பா மூட்டினால் பிள்ளை உருண்டு உருண்டு சிரிக்கும், முன்பின் தெரியாத ஒருவர் மூட்டினால் அலறும். விரல் படுகிற இடம் என்னவோ ஒன்றுதான். உங்கள் புத்தகத்தில் ‘தப்பு’ அச்சிலேயே இருந்தது. ‘பரவாயில்லை’யைக் கொடுத்தது அந்தக் கட்டிலும், அண்ணனும், அவன் ‘தொப்’ என்று சொன்ன குரலும்.

சரி, இப்போது ஏன் தாங்க முடியவில்லை?

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. செருப்பைத் துடைத்து வைக்கிற வரி நினைவிலேயே இல்லை என்கிறீர்கள். எப்படி இருக்கும்? ஒன்பது வயதில் நீங்கள் ஊஞ்சலில் இருந்தீர்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே நிற்கிற அம்மா ஒரு புள்ளி. கதைக்குள் பெரியவர்கள் வருவதே திட்டுவதற்கும் சாப்பிடக் கூப்பிடுவதற்கும்தான், அவர்களுக்கு மனசு என்று ஒன்று இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? இப்போது நீங்கள் தரையில் நிற்கிறீர்கள், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. எல்லாரும் ‘தொப்’புக்குச் சிரிக்க, அந்தச் செருப்பைக் குனிந்து எடுக்கிற ஆள் இப்போது நீங்கள். அழுகை வராவிட்டால்தான் நான் யோசித்திருப்பேன்.

பெரியவர்களுக்கு எது உறுத்துகிறது, குழந்தைகளுக்கு எது உறுத்துகிறது என்கிற இரண்டு பட்டியலும் ஒத்துப்போவதே அபூர்வம். ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்த கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் இது நன்றாகத் தெரியும். முதல் பகுதி வந்தது 1812-இல், அவர்கள் கைபட்ட கடைசிப் பதிப்பு 1857-இல். நடுவில் 45 வருடம் திருத்திக்கொண்டே இருந்தார்கள். குழந்தைகள் படிக்கிற புத்தகமாயிற்றே என்ற கவலை. என்ன திருத்தினார்கள் என்று பாருங்கள். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று சொல்பவள் முதல் பதிப்பில் பெற்ற தாய், பிற்பாடு மாற்றாந்தாய். சின்னப் பெண்ணின் அழகு பொறுக்காமல் அவளைக் கொல்லச் சொல்கிற ராணியும் அப்படியே, முதலில் அம்மா, பிறகு சித்தி. கோபுரத்தில் அடைத்து வைத்த பெண், உடுப்பெல்லாம் ஏன் இறுக்கமாகிக்கொண்டே போகிறது என்று வெகுளியாகக் கேட்பாள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பது புரிந்துவிடும் அல்லவா, அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் கடைசியில் அந்த ராணிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டி, செத்து விழும்வரை ஆட வைப்பார்கள். அது 1857 வரை அப்படியே இருந்தது! பெற்ற தாய் கெட்டவளாக இருப்பதைப் பெரியவர்களால் பொறுக்க முடியவில்லை. இரும்புச் செருப்பு அவர்களுக்கு உறுத்தவே இல்லை.

உங்கள் புத்தகத்திலும் உங்களுக்கு உறுத்துகிற வரி எது? அம்மா வருகிற வரி. நகம் கடிக்கிறவன் அணு அணுவாகத் தீர்ந்துபோவதற்குச் சிரித்துவிட்டீர்கள்.

அழுததைப் பற்றி ஒரு விஷயம். புத்தகத்தை மூடிய பிறகும் வாரக்கணக்கில் அந்தக் காட்சி விடாமல் வந்துகொண்டிருந்தால், மகளை ஊஞ்சலில் விடவே கை நடுங்குகிறது, அவள் பள்ளியிலிருந்து வரும்வரை உட்கார முடியவில்லை என்றெல்லாம் ஆகிவிட்டால், அது இந்தக் கதையின் வேலையாக இருக்காது. ஏற்கெனவே இருந்த பதற்றம் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். அப்போது நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது அந்தக் காணாமல் போன முடிவு. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், நீங்கள் அதைக் கேள்வியாகவே கேட்காவிட்டாலும்.

பிரெடெரிக் பார்ட்லெட் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஒருவர். கேம்பிரிட்ஜில் இருந்தவர். நினைவைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் 1932-இல் புத்தகமாக வந்தன. வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். பேய்கள் போர்புரிய வருகிற கதை, நம் பழக்கத்துக்கு அதில் முன்னுக்குப் பின் ஒட்டாது. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, சில நாள் கழித்து, சிலரிடம் வருடக்கணக்கு கழித்தும், நினைவிலிருந்து எழுதச் சொன்னார். கதை ஒவ்வொரு தடவையும் சுருங்கிக்கொண்டே வந்தது. ‘கேனோ’ என்கிற தோணி சாதாரணப் படகானது. புரியாத இடங்களுக்கு அவர்களே காரணம் வைத்துக் கட்டினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் படித்ததாகவே நம்பினார்கள். நினைவு என்பது அலமாரியிலிருந்து எடுத்துத் தருகிற வேலை இல்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிற வேலை என்று பார்ட்லெட் காட்டினார்.

ஆக, அந்தச் சிறுமியை யாரோ இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நீங்களாக இருக்கலாம். எனக்கென்னவோ உங்கள் அண்ணன் மேல்தான் சந்தேகம். ஒன்பது வயதுத் தங்கைக்குப் படித்துக் காட்டுகிற பன்னிரண்டு வயதுப் பையன், ஒரு நாள் அவள் முகம் மாறுவதைப் பார்த்திருப்பான். சட்டென்று, அச்சில் இல்லாத ஒரு வரியைப் படித்திருப்பான். இது என் ஊகம்தான். ஆனால் சத்தமாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் இந்தத் திருட்டுத்தனத்தைச் செய்திருக்கிறோம்.

அப்படி ஒரு முடிவை இட்டுக்கட்டவும் கதையே இடம் கொடுக்கிறது. செருப்பு ஒவ்வொரு வருடமும் ஒரு அளவு பெரிதாகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். செருப்பு ஏன் பெரிதாக வேண்டும்? கால் வளர்கிறது, அதனால்தான். மேலே போனவள் அங்கே எங்கேயோ நன்றாகத்தான் இருக்கிறாள், வளர்ந்துகொண்டிருக்கிறாள், வருடத்துக்கு ஒரு செருப்பைக் கழற்றிக் கீழே போடுகிற குறும்பும் குறையவில்லை. சின்ன வயதில் நீங்கள் சிரித்தது இதைத் தெரிந்துகொண்டுதான் என்று நினைக்கிறேன். இந்த வயதில் படிக்கும்போது, அவள் வீட்டில் இல்லை என்பது மட்டும்தான் கண்ணில் படுகிறது.

இனி மகள் விஷயம்.

ஏழு வயது என்பது இந்தப் புத்தகத்துக்குக் கொஞ்சம் விளிம்பு. முடியாது என்று சொல்ல மாட்டேன். சாவு என்றால் திரும்பி வர முடியாது, உடம்பு எல்லா வேலையையும் நிறுத்திவிடும், எல்லாருக்கும் ஒரு நாள் வரும் என்கிற மூன்றும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பிடிபட்டுவிடுகின்றன. ஆக அது புரியும். பிடிபட நேரமாகிறது வேறொன்று. சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே, 1932-இல் வெளியான தன் புத்தகத்தில், குழந்தைகளிடம் சொல்லிக் கேள்வி கேட்ட ஒரு கதையைத் தருகிறார். ஒரு பையன் ஆப்பிள் திருடிவிட்டு ஓடுகிறான், வழியில் உளுத்துப்போன மரப்பாலம் முறிந்து தண்ணீரில் விழுகிறான். திருடாமல் இருந்திருந்தால் விழுந்திருப்பானா? சின்னக் குழந்தைகளில் பெரும்பாலோர், விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். தப்புச் செய்தால் பாலம்கூட முறியும் என்கிற உலகம் அது. வயது ஏற ஏறத்தான் ‘பாலம் உளுத்திருந்தது, யார் போனாலும் முறிந்திருக்கும்’ என்ற பதில் கூடியது. ஒன்பது வயதில் உங்களுக்குப் பாலம் உளுத்தது தெரிந்திருக்கலாம். ஏழு வயதில் உங்கள் மகளுக்குத் தெரியுமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இந்தக் கதையை அவளிடம் சொல்லியே கேட்டுப் பாருங்களேன், அதற்கு ஆலோசகர் தேவையில்லை. ‘திருடினதால்தான் விழுந்தான்’ என்று அடித்துச் சொன்னால் இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம். அல்லது கூடவே உட்கார்ந்து, “நிஜமாகவே இப்படி நடக்குமா?” என்று இடையிடையே கேட்டுக்கொண்டு படிக்கலாம்.

புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். நீங்கள் கொண்டாடிய புத்தகத்தில் பாதிதான் அச்சில் இருந்தது, மீதி அந்தக் கட்டில். அதையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் தடவை பகலில் படியுங்கள், தூங்கப் போகிற நேரத்தில் வேண்டாம். பக்கத்தை அவள் புரட்டட்டும். போதும் என்றால் மூடிவிட அவளுக்கு உரிமை உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவள் நகம் கடிக்கிற பெண்ணாக இருந்தால் அந்தக் கதைப் பக்கமே போகாதீர்கள். போனாலும் படித்து முடித்து அவள் விரலை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே ஒரு பார்வை போதும், சிரிப்பு மிரட்டலாகிவிடும். இதனால் என்ன தெரிகிறது என்றும் கேட்க வேண்டாம். உலகத்திலேயே அலுப்பான கேள்வி அது.

எல்லாக் கதையும் காலத்தைத் தாங்கி நிற்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவளிடம் காட்டுவதற்கு முன் தனியாக ஒரு தடவை முழுத் தொகுப்பையும் படித்துவிடுங்கள். குண்டாக இருப்பது, கறுப்பாக இருப்பது, திக்கிப் பேசுவது என்று பிறவியிலோ உடம்பிலோ வந்ததைக் காட்டிச் சிரிக்க வைக்கிற கதை இருந்தால் அது வேறு இருட்டு. அங்கே சிரிப்பு கேலிக்கு ஆளானவன் தலையில் விடிகிறது. ஹாஃப்மன் புத்தகத்திலேயே அப்படி ஓர் இடறல் இருக்கிறது. கறுப்பினச் சிறுவன் ஒருவனை மூன்று பையன்கள் கேலி செய்கிறார்கள். கேலி செய்யாதே என்று சொல்லித்தான் கதை போகிறது, நோக்கம் நல்லது. ஆனால் அந்த மூவருக்கும் கிடைக்கிற தண்டனை என்ன? பெரிய மைக்கூட்டில் முக்கி அவனைவிடக் கறுப்பாக்குவது. கறுப்பாவதே தண்டனை என்றால், பக்கத்தில் நிற்கிற அந்தச் சிறுவன் என்ன நினைத்துக்கொள்வான்? இந்த மாதிரிக் கதை வந்தால் தாண்டிப் போகலாம். அல்லது படித்துவிட்டு, “இதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை” என்று சொல்லலாம். ஏழு வயதுப் பிள்ளை அதை நன்றாகவே புரிந்துகொள்ளும்.

கதையில் கண்சிமிட்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரிம் தொகுப்பின் 1812 பதிப்பில், பிள்ளைகள் கசாப்புக்காரர் விளையாட்டு விளையாடப்போய் அது நிஜக் கொலையில் முடிகிற கதை ஒன்று இருந்தது. ஒரு செய்தித்தாளில் வந்த சேதி மாதிரி வறட்டென்று போகும், சிரிக்க ஒரு இடம் கிடையாது. 1819 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

சமீபத்தில் வீட்டில் யாராவது இறந்திருந்தால், மகள் மருத்துவமனையில் இருந்து வந்திருந்தால், சொல்வதையெல்லாம் எழுத்துக்கு எழுத்து நிஜமாக எடுத்துக்கொள்கிற குழந்தையாக இருந்தால், இப்போது வேண்டாம். படித்த பிறகு இரண்டு மூன்று நாள் தூக்கத்தில் எழுந்து அழுதாலோ, “எனக்கும் ஆகுமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். ஆனால் ஒளித்து வைக்காதீர்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், இதே மாதிரிப் புத்தகத்தைப் பார்த்துப் பயந்த பையனை அவன் அம்மா அழைத்துவந்தார். கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள் என்று நான் பெரிய மேதாவி மாதிரி சொல்லி அனுப்பினேன். அம்மாவும் பரண் மேல் வைத்துவிட்டார். பையன் அது பரணில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு அந்த அறையிலேயே தூங்க மறுத்தான். கீழே இருந்தபோது அது பயமுறுத்துகிற ஒரு புத்தகம், மேலே போனதும் பெரியவர்களே பயப்படுகிற ஒன்றாகிவிட்டது. அப்புறம் அதை இறக்கி, மேஜை மேல் வைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து அவனைப் பயமுறுத்திய அந்த ஒரு படத்தைத் தேடினோம். பார்த்தவன், “இவ்வளவு சின்னதா?” என்றான். அவன் நினைவில் அது முழுப் பக்கப் படம்.

கணவரோடு சண்டை போட வேண்டாம். அவர் இந்தப் புத்தகத்தைக் கட்டிலில் படுத்துக் கேட்டவர் இல்லை. நேரே தரையில் நின்று, ஒரு குழந்தைக்கு அப்பாவாகப் பார்க்கிறார். நீங்கள் அழுத இடத்தில் அவர் ‘தூக்கிப் போடு’ என்கிறார், அவ்வளவுதான். ஒரு நாள் ராத்திரி மகள் தூங்கின பிறகு, நகம் கடிக்கிறவன் கதையை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். “முதலில் வாயை மூடு” வருகிறபோது அவர் முகத்தைக் கவனியுங்கள். சிரிக்காவிட்டால் பரவாயில்லை, சிலருக்கு இந்த ருசி பிடிக்காது. அந்தப் புத்தகத்தை நீங்கள் மட்டும் மகளோடு படித்தால் போதும்.

ஊஞ்சல் கதைக்கு இப்போது அவசரமில்லை. அதை உங்களால் குரல் உடையாமல் படிக்க முடிகிறவரை விட்டுவையுங்கள். குரல் உடைந்தால் மகள் கதையைக் கேட்க மாட்டாள், உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவேளை உடைந்துவிட்டால், அம்மாவுக்கு இந்த இடம் பாவமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். செருப்பு ஏன் பெரிதாகிறது என்று மட்டும் நீங்களாக விளக்கிவிடாதீர்கள். அவளே கேட்பாள்.

அதற்கு முன்னால் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். புத்தகம் கிடைத்ததைச் சொல்லுங்கள், திறந்து பார்த்ததைச் சொல்ல வேண்டாம். அந்த ஊஞ்சல் கதை எப்படி முடியும் என்று கேளுங்கள்.